காரின் ஒலிபெருக்கியும் கதவும்

1935-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியரான டாக்டர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை அமைத்து ஒலிபரப்பத் தொடங்கினார். அந்நிலையத்திற்கு இடப்பட்ட ‘ஆகாசவாணி’ என்னும் பெயரே பின்னர் நாடு முழுவதற்கும் உரிய வானொலியின் பெயராக விளங்கலாயிற்று. அக்காலத்தில் மைசூரில் வானொலிப் பெட்டி உடைய வீடுகள் அரியவை. உடைய வீட்டிலும் ஒலிபெருக்கி ஒன்றே. அதன் முன் குடும்பத்தினரும் அண்டை வீட்டாரும் கூடியமர்ந்து கேட்பர். இன்று அதே நகரத்தில் குவெம்பு நகரிலோ ஜயலட்சுமிபுரத்திலோ ஒரு வீட்டின் வாசலில் நிற்கும் சாதாரணக் காரினுள் நான்கு ஒலிபெருக்கிகளேனும் இருக்கும். வீட்டின் எந்த அறையிலும் அத்தனை இல்லை.

இவ்வொலிபெருக்கிகள் பெரும்பாலும் விலையும் எடையும் குறைவாக இருக்கவேண்டும் என்னும் நோக்கத்துடன் தொழிற்சாலையில் தேர்ந்தெடுக்கப்படுபவை. காகிதக் கூம்பு, சிறு காந்தம், மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் ஆகியவையே அவற்றின் அங்கங்கள். ஆதலின் காரை வாங்கிச் சில ஆண்டுகள் சென்றபின், கடையில் ஒரு ஜோடி ஒலிபெருக்கிகளை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்வோர் பலர். வேலை கடினமானதன்று, திருப்புளியும் பொறுமையும் உடைய எவரும் செய்யக் கூடியதே. ஆயினும், செலவிட்ட பணத்திற்கேற்ற பலன் கிட்டவில்லை என்று குறைபடுவோர் உண்டு. முன்பிருந்ததைவிட அடித்தொனி குறைந்துவிட்டதென வியப்போரும், முதல் பெருமழையன்று காலடி விரிப்பு நனைந்திருக்கக் கண்டு திகைப்போரும் உண்டு. வெவ்வேறாகத் தோன்றும் இக்குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றே. கார்க் கதவு ஒலிபெருக்கியைத் தாங்கி நிற்கும் வெறும் இடம் என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் கதவு ஒலிபெருக்கியின் ஓர் உறுப்பே ஆகும்.

கூம்பின் இரு முகங்கள்

இன்று எங்கும் வழங்கும் ஒலிபெருக்கியின் அமைப்பு, 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியினின்று வந்தது. ஐந்தாண்டுகளுக்குப்பின், 1930-இல், கால்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்னும் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். கூம்பின் பொருளும் காந்தத்தின் பொருளும் அன்றிலிருந்து மாறியுள்ளன. அடிப்படை மாறவில்லை.

காந்தத்தின் நடுவே வட்டமான ஒரு குறுகிய இடைவெளி உள்ளது. மெல்லிய செப்புக் கம்பியாலான குரற்சுருள் அவ்விடைவெளியில் எதிலும் படாமல் தொங்குகிறது. சுருளின் மறுமுனை கூம்புடன் ஒட்டப்பட்டுள்ளது. சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் அதனை முன்னோ பின்னோ தள்ளுகிறது. மின்னோட்டம் திசை மாறினால் தள்ளும் திசையும் மாறுகிறது. பள்ளியில் கற்பிக்கப்படும் ஃபிளெமிங்கின் இடக்கை விதி இங்கு கண்ணுக்குத் தெரியும்படி செயற்படுகிறது. கூம்பு காற்றைத் தள்ள, காற்றில் எழும் அலை செவியை அடைகிறது. கொடுத்த மின்னாற்றலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கே ஒலியாக மாறுகிறது என்பது பலர் அறியாத செய்தி. எஞ்சியதெல்லாம் சுருளில் வெப்பமாகிறது.

கூம்பு முன்னோக்கிச் செல்லும்போது அதன் முன்புறத்துக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்புறத்துக் காற்று விரிகிறது. ஆகவே ஓர் ஒலிபெருக்கி எப்போதும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு அலைகளை உண்டாக்குகிறது. பின்புற அலை விளிம்பைச் சுற்றி முன்புறம் வந்துவிடுமாயின் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. வினாடிக்கு 100 அதிர்வுகள் உடைய அடித்தொனியின் அலைநீளம் 3.4 மீட்டருக்கு மேல். பதினாறு சென்டிமீட்டர் அகலமுள்ள கூம்பைச் சுற்றி வருவது அவ்வலைக்கு ஒரு பொருட்டன்று. வினாடிக்கு 3,000 அதிர்வுகள் உடைய ஒலியின் அலைநீளமோ 11 சென்டிமீட்டர் அளவே. ஆதலின் அதற்கு இந்நட்டம் பெரிதாக நேர்வதில்லை. மேசைமேல் தனியே வைத்து இயக்கப்படும் ஒலிபெருக்கி கீச்சுக்குரலில் பாடுவதும், அதனையே பெரிய அட்டையில் துளையிட்டுப் பொருத்தியவுடன் மிருதங்கத்தின் தொப்பி முழங்குவதும் இக்காரணத்தாலேயே. வகுப்பறையில் ஐந்து நிமிடத்தில் செய்துகாட்டக்கூடிய இச்சோதனையைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை.

காரில் அந்த அட்டையின் வேலையைச் செய்வது கதவு. கூம்பின் பின்புற அலை கதவின் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையே அடைபட்டிருக்கவேண்டும். ஆனால் கதவு அதற்கென அமைக்கப்பட்டதன்று. கண்ணாடி இறங்கவும், பூட்டின் கம்பிகள் ஓடவும், பழுதுபார்ப்போர் கைவிடவும் உள்தகட்டில் பெரிய துளைகள் இடப்பட்டுள்ளன. அவற்றை மூடியிருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளே. புதிய ஒலிபெருக்கியின் சட்டத்திற்கும் தகட்டிற்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தாலும், அத்தாள் கிழிந்தாலும் அடித்தொனி கசிந்து அழியும். பழைய ஒலிபெருக்கி, மட்டமானதாயினும், அந்தக் கதவின் வளைவுக்கென வார்க்கப்பட்ட சட்டத்துடன் இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தது. புதியது பொதுவான அளவில் செய்யப்பட்டது. முன்னதைவிடச் சிறந்த ஒலிபெருக்கி முன்னதைவிட மோசமாக ஒலிக்கும் விந்தை இவ்வாறே நேர்கிறது.

இதனின்று ஒரு நடைமுறை உண்மை பெறப்படுகிறது. எதையும் வாங்குமுன் கதவின் உட்பலகையை ஒருமுறை கழற்றி, பழைய ஒலிபெருக்கியைச் சுற்றி நுரை நாடாவை ஒட்டி, தளர்ந்த கம்பிகளைக் கட்டி, அதிரும் வெளித்தகட்டின் நடுப்பகுதியில் பியூட்டைல் ரப்பர் அட்டை ஒன்றைப் பதித்துக் கேட்டுப் பார்ப்பது நலம். செலவு சிறிது. பலருக்கு அதுவே போதுமானதாகிவிடும். கடைக்காரர் மகிழமாட்டார் என்பது வேறு.

பெட்டிமேல் உள்ள எண்கள்

விற்பனைப் பெட்டிகளின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது வாட் எண். வாங்குவோரை அதிகம் தவறாக வழிநடத்துவதும் அதுவே.

காரின் என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட் வரை இருக்கும். கார் ஸ்டீரியோவினுள் உள்ள மின்பெருக்கிக்குக் கிடைப்பது அவ்வளவே. அதற்குமேல் அழுத்தத்தை உயர்த்தும் அமைப்பு சாதாரணக் கருவிகளில் இல்லை. ஒலிபெருக்கியின் மின்மறுப்பு 4 ஓம் என்று கொள்வோம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.84 கிடைக்கும். பல ஸ்டீரியோக்களின்மேல் ‘50 வாட், நான்கு’ என எழுதியிருப்பதன் இரகசியம் இதுவே. முழு அழுத்தமும் ஒரு நொடியும் குறையாமல் திசைமட்டும் மாறி மாறிப் பாய்ந்தால் கிட்டக்கூடிய அளவு அது. அவ்வாறு பாய்வது சங்கீதமன்று, இரைச்சல். சீரான அலைக்கு அதில் பாதி, அதாவது ஏறக்குறைய 26 வாட்டே உச்சம். கருவியினுள் ஏற்படும் இழப்புகளைக் கழித்தால் 20 வாட் அளவில் நிற்கும். அச்சிட்ட எண் கணக்கில் பொய்யன்று. கேட்பதற்கு உரியதன்று, அவ்வளவே. உயர்வகுப்பு மாணவர் இக்கணக்கைத் தாமே செய்யலாம்.

ஒலிபெருக்கியின் பெட்டிமேல் காணப்படும் ‘300 வாட்’ போன்ற எண் வேறு வகையானது. கணநேரத்திற்குச் சுருள் எரியாமல் தாங்கும் அளவைக் குறிப்பது அது. எவ்வளவு ஒலி வரும் என்பதை அது சொல்லாது. 20 வாட் தரும் கருவியுடன் இணைக்கும்போது 300-க்கும் 150-க்கும் வேறுபாடில்லை. பார்க்கவேண்டியது உணர்திறன் என்னும் எண்ணாகும். ஒரு வாட் மின்னாற்றலைக் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதை அது தெரிவிக்கிறது. மூன்று டெசிபெல் உயர்வு இருமடங்கு ஆற்றலுக்குச் சமம். ஆதலின் 90 டெசிபெல் உணர்திறன் உடைய ஒலிபெருக்கி 20 வாட்டில் தரும் ஒலியை, 87 டெசிபெல் உடையது 40 வாட் பெற்றால்தான் தரும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. சில தயாரிப்பாளர் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றனர். 8 ஓமில் அது ஒரு வாட். 4 ஓமில் இரண்டு வாட். எனவே பின்னதில் மூன்று டெசிபெல் சும்மா கூடிவிடும். இரு பெட்டிகளை ஒப்பிடுவோர், இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மின்மறுப்பைப் பற்றி மேலும் ஒரு சொல். பெரும்பாலான கார்களில் 4 ஓம் ஒலிபெருக்கிகளே உள்ளன. மல்டிமீட்டரால் அளந்தால் 3 முதல் 3.7 ஓம் வரை காட்டும்; அது நேர்மின்னோட்டத்திற்கான தடையாதலால் சற்றுக் குறைந்தே இருக்கும். 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் மின்னோட்டம் இருமடங்காகி மின்பெருக்கி சூடேறிக் கெடும். மாறாக 8 ஓம் இணைப்பதால் கேடில்லை, ஒலிதான் குறையும். உயர்விலைக் கார்கள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே 2 ஓம் ஒலிபெருக்கியும் தனி மின்பெருக்கியும் அமைந்திருக்கும். பழையதை அளந்து பாராமல் புதியதை வாங்குவது ஆகாது.

கண்ணாடித் தூண் அருகே தனியாகச் சிறு ட்வீட்டர் உள்ள கார்களும் உண்டு. அதனுடன் தொடராக ஒரு மின்தேக்கி இருக்கும். தாழ்ந்த அதிர்வுகளைத் தடுத்து உயர்ந்தவற்றை மட்டும் விடுவது அதன் பணி. 4 ஓம் ட்வீட்டருக்கு வினாடிக்கு 4,000 அதிர்வுகளிலிருந்து மேலே விடவேண்டுமாயின் ஏறக்குறைய 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி தேவை. இத்தகைய காரில், நடுவே மற்றொரு ட்வீட்டர் பொருந்திய இருவழி ஒலிபெருக்கியைக் கதவில் வைத்து, பழைய ட்வீட்டரையும் அப்படியே விட்டுவிட்டால், உயர்ந்த அதிர்வுகளில் இரண்டும் இணையாக நின்று மின்மறுப்பு 2 ஓம் அளவிற்கு இறங்கும். ஓசையும் செவியைக் குத்தும். இரண்டில் ஒன்றை விலக்கிவிடுவதே முறை.

வேலையின் போக்கு

மழையற்ற நாளாகவும், நிழலுள்ள இடமாகவும் இருத்தல் நன்று. பாட்டரியைக் கழற்றுமுன் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவிடல் வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் கண்ணாடியைப் பிறகு இறக்க இயலாது. இறங்கிய கண்ணாடிக்கும் ஒலிபெருக்கியின் காந்தத்திற்கும் இடையே உள்ள தொலைவை அளந்தாலன்றிப் புதியது கொள்ளுமா என்பது தெரியாது. பெரிய காந்தம் கண்ணாடியில் மோதும் நிலையிருந்தால் இடையில் ஒரு வளையம் வைத்து ஒலிபெருக்கியை வெளியே தள்ளலாம். ஆனால் வளையம் மிகத் தடித்தால் கூம்பு உட்பலகையில் உரசும். இவ்விரு எல்லைக்குள் அடங்குவதையே வாங்கவேண்டும்.

பின்னர் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, காரின் கைந்நூலிற் குறித்துள்ள நேரம்வரை காத்திருத்தல் அவசியம். இக்காலக் கார்களில் விபத்தின்போது விரியும் காற்றுப்பைகள் உள்ளன. அவற்றின் கம்பி இணைப்புகள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றைத் தொடுதலும், அவற்றில் மீட்டரை வைத்து அளத்தலும் கூடா. சில கார்களில், பக்கவாட்டு மோதலை அறியும் உணர்கருவி கதவின் உள்ளேயே இருக்கிறது. கதவு நசுங்கும்போது உள்ளிருக்கும் காற்றழுத்தம் திடீரென உயர்வதை அது உணர்கிறது. அத்தகைய கதவில் பெரிய துளை இடுவதோ, இருந்த மூடியை நீக்குவதோ உயிருக்கு ஊறு விளைக்கலாம். கதவின் அமைப்பு மாறாத வண்ணம் வேலையை முடித்துக்கொள்வதே தக்கது. ஐயம் எழுந்தால் அந்தக் காரைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுதல் வேண்டும்.

உட்பலகையின் திருகாணிகள் கைப்பிடியின் அடியிலும் மூடிகளின் பின்னும் ஒளிந்திருக்கும். அவற்றை நீக்கியபின், துணி சுற்றிய தட்டையான கருவியால் ஓரத்தை நெம்பினால் பிளாஸ்டிக் கொளுவிகள் ஒவ்வொன்றாக விடும். இரண்டொன்று முறிவது இயல்பு. முன்கூட்டியே சில வாங்கி வைத்திருப்போர் கவலையுறுவதில்லை. பழைய ஒலிபெருக்கி பல கார்களில் ரிவெட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். துளைப்பானால் ரிவெட்டின் தலையை எடுக்கவேண்டும். அப்போது உதிரும் இரும்புத் தூள் புதிய ஒலிபெருக்கிக்குப் பெரும் பகை. காந்தம் அதனை இழுத்துச் சுருளின் இடைவெளியில் சேர்த்துவிட்டால், அன்று முதல் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கரகரப்பு இருந்துகொண்டேயிருக்கும். அதனை வெளியே எடுக்க வழியில்லை. எனவே துளைக்கும் வேலை முடியும்வரை புதியதைப் பெட்டியினின்று வெளியே எடுக்கலாகாது. கழற்றிய பழைய ஒலிபெருக்கியை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டுக் கதவின் அடியில் தடவினால் தூள் பையின்மேல் ஒட்டிக்கொள்ளும். பையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பினால் தூள் உள்ளே அடங்கிவிடும். தகடு வெளிப்பட்ட துளை விளிம்புகளில் சிறிது வர்ணம் பூசாவிடில் அங்கிருந்தே துரு தொடங்கும்.

கம்பிகளை வெட்டாமல், காரின் மூல இணைப்பில் நேராகச் செருகத்தக்க இடைக்கம்பியைப் பயன்படுத்துவது சிறந்தது. இங்கு ஓர் எச்சரிக்கை. பழங்காலக் கார்களில் ஒலிபெருக்கியின் ஒரு முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் வழக்கம் இருந்தது. இக்காலக் கருவிகளில் இரு முனைகளுமே மின்பெருக்கியால் இயக்கப்படுபவை. எதனையும் உடலோடு இணைத்தல் கூடாது. இணைத்தால் மின்பெருக்கி பாழாகும்.

நேர்முனை, எதிர்முனை மாறாதிருத்தலும் அதே அளவு முக்கியமானது. ஒரு கதவில் சரியாகவும் மறு கதவில் மாற்றியும் இணைத்தால் ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடித்தொனியின் அலைநீளம் காரின் அகலத்தைவிடப் பெரிதாகையால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். குறியிடப்படாத முனைகளை அறிய 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்று போதும். ஸ்டீரியோவிலிருந்து பிரித்துவிட்ட ஒலிபெருக்கியின் முனைகளில் அதனை ஒரு கணம் தொடவைத்தால், கூம்பு வெளியே தள்ளப்படும்போது செல்லின் நேர்முனை தொட்டதே ஒலிபெருக்கியின் நேர்முனை. மாற்றி முடித்தபின் வானொலியில் ஒருவர் பேசுவதைக் கேட்டும் இதனைச் சோதிக்கலாம். குரல் முன்கண்ணாடியின் நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றினால் இணைப்பு சரி. எங்கிருந்து வருகிறதென்றே புலப்படாமல் பரவி நின்றால் ஒன்று மாறியுள்ளது.

மைசூரில் மே மாதத்து இடிமழையும் அக்டோபர் மழையும் கடுமையானவை. கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவினுள் இறங்குவது தவறன்று. கதவு அதற்கென்றே அமைக்கப்பட்டது. இறங்கிய நீர் வெளித்தகட்டின் உட்புறமாக வழிந்து, அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறுகிறது. அது இருக்கைப் பக்கம் வராமல் தடுப்பது முன்னர்க் கூறிய பிளாஸ்டிக் தாள். அதனைக் கிழித்தெறிந்துவிட்டு உட்பலகையை மாட்டுவோரின் காரில் மழைநீர் காலடிக்கு வந்து சேர்கிறது. தாளைக் கவனமாகப் பிரித்து, பழைய பசை உலர்ந்திருந்தால் பியூட்டைல் நாடாவால் மீண்டும் ஒட்டவேண்டும்; தாளின் அடிவிளிம்பு கதவின் உள்ளே செல்லுமாறு செருகப்பட்டிருந்தால் அவ்வாறே செருகவேண்டும். அதிர்வைக் குறைக்க ஒட்டும் அட்டை அடித்துளைகளை மூடிவிட்டால் நீர் தேங்கிக் கதவே துருப்பிடிக்கும். ஒலியை அடைக்கும் தாளும் நீரைத் தடுக்கும் தாளும் ஒன்றே என்பதை இங்கு காணலாம். அதனை ஒழுங்காக ஒட்டியவருக்கு அடித்தொனியும் கிட்டும், விரிப்பும் நனையாது.

உட்பலகையை மூடுமுன் பாட்டரியை இணைத்து, மெல்லிய ஒலியில் சோதித்து, கண்ணாடியை இரண்டு மூன்று முறை மேலும் கீழும் இயக்கிப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

செவியின் கணக்கு

ஒலிபெருக்கி நன்றாக அமைந்தபின் எழும் கேள்வி வேறொன்று. அதற்கு விடை கூறத் தகுந்த நிறுவனம் மைசூரிலேயே உள்ளது. மானசகங்கோத்திரியில் 1965-ஆம் ஆண்டில் தோன்றிய அகில இந்தியப் பேச்சு-செவிப்புலன் நிலையம், செவிப் பரிசோதனையிலும் அத்துறை வல்லுநரைப் பயிற்றுவதிலும் ஆராய்ச்சியிலும் நாட்டின் முதன்மையான நிறுவனங்களுள் ஒன்று.

மட்டமான ஒலிபெருக்கியை உரக்க வைத்தால் அது கரகரக்கும். கேட்போர் முகம் சுளித்துக் குறைத்துவிடுவர். அறியாமலேயே அவர்கள் செவியைக் காத்து வந்தது அக்கரகரப்பு. நல்ல ஒலிபெருக்கி அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. உரத்த ஒலியும் தெளிவாக, இனிமையாகவே இருக்கும். மேலும் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலையில் செல்லும்போது டயர்களின் ஓசையும் காற்றின் ஓசையும் தாழ்ந்த அதிர்வுகளை மறைத்துவிடுகின்றன. இழந்த அடித்தொனியை மீட்கவேண்டி ஓட்டுநர் ஒலியைச் சிறிது கூட்டுகிறார். சற்றுநேரத்தில் செவி பழகிவிட, மேலும் சிறிது கூட்டுகிறார். ஊருக்குள் நுழைந்து வண்டியை நிறுத்தும்போதுதான் ஒலி எவ்வளவு உயர்ந்திருக்கிறதென்பது உறைக்கிறது. இந்த அனுபவம் காரோட்டுவோர் பலருக்கும் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரையறைப்படி, 80 டெசிபெல் ஒலியைப் பெரியவர் ஒருவர் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல்லாயின் 4 மணி நேரமே. பத்து டெசிபெல் என்பது ஆற்றலில் பத்து மடங்காதலால், நேரமும் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. குழந்தைகளுக்கான வரம்பு இதனினும் தாழ்ந்தது. நாள்தோறும் ஊர் ஊராகச் செல்லும் களப்பணியாளர் ஒருவர் ஆறு நாட்களில் எத்தனை மணி நேரம் ஊர்தியில் கழிக்கிறார் என்று கணக்கிட்டால், 90 டெசிபெல்லுக்கான நேரம் செவ்வாய்க்கிழமைக்குள் தீர்ந்துவிடுவதைக் காணலாம்.

உட்செவியின் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 நுண்மயிரணுக்கள் உள்ளன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் ஏற்படும் பழுது பெரும்பாலும் வினாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் தொடங்குகிறது. உயிரெழுத்துகளின் முழக்கம் அதற்குக் கீழே இருப்பதால் பேச்சு கேட்கிறது. ஸ, ஷ, ச போன்றவற்றின் சீறல் அப்பகுதியை ஒட்டியிருப்பதால் சொல் மயங்குகிறது. “காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை” என்பது இக்குறையுடையோர் கூறும் முதல் வாக்கியம். வகுப்பில் சொல்வதெழுதும்போது இவ்வெழுத்துகளில் மட்டும் தடுமாறும் மாணவனைக் கவனமற்றவன் என்று தண்டிக்குமுன், செவிப் பரிசோதனைக்கு அனுப்புவது ஆசிரியரின் கடமை. பின்னிருக்கையின் பின்னால், தட்டில் பதித்த ஒலிபெருக்கிகள் குழந்தைகளின் தலைக்கு ஒரு முழத் தொலைவில் உள்ளன. முன்னிருக்கையில் அமர்ந்தவருக்கு மிதமாகத் தோன்றும் ஒலி அங்கு மிதமானதன்று. முன்புற ஒலியை மட்டும் பயன்படுத்திப் பின்புறத்தைத் தணித்துவைக்கும் வசதி பெரும்பாலான ஸ்டீரியோக்களில் உண்டு.

ஒலியை நிர்ணயிக்கத் தக்க தருணம் வண்டி நின்றிருக்கும்போதே. அருகிலுள்ளவர் இயல்பான குரலில் பேசுவது கேட்கும் அளவில் வைத்து, சாலையில் அதனை மாற்றாதிருந்தால், ஆம்புலன்ஸின் ஊதலும் காதில் விழும்.

கழற்றிய ஒலிபெருக்கியின் பயன்

மைசூரில் 1963-இல் பிராந்தியக் கல்விக் கல்லூரி என்னும் பெயரில் நிறுவப்பட்டு இன்று பிராந்தியக் கல்வி நிலையமாக விளங்கும் நிறுவனம், தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களின் ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கிறது. எளிய பொருள்களைக்கொண்டு பௌதிகம் கற்பிக்க முனையும் ஆசிரியருக்குக் காரிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியைவிட உகந்த உபகரணம் அரிது. பெரும்பாலும் விலையின்றியே கிடைப்பது.

கூம்பை மேல்நோக்கி வைத்துச் சில அரிசி மணிகளை இட்டு, ஒலியூட்டினால் மணிகள் துள்ளும். தாழ்ந்த தொனியில் உயரத் துள்ளுவதையும், உயர்ந்த தொனியில் அசைவே தெரியாமல் நிற்பதையும் மாணவர் கண்டுகொள்வர். டார்ச் செல்லைத் தொடவைத்துக் கூம்பு முன்னும் பின்னும் செல்வதைக் காட்டலாம். கூம்பு கிழிந்த ஒன்றைப் பிரித்தால் காந்தம், இடைவெளி, சுருள் ஆகியவை தனித்தனியே கைக்கு வரும். சுருளை நேராக்கி அதன் நீளத்தை அளப்பது சிறுவர் விரும்பும் வேலை.

இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தால், ஒன்றின் முனைகளை மற்றொன்றின் முனைகளோடு நீண்ட இரட்டைக் கம்பியால் இணைத்து, ஒன்றை வகுப்பிலும் மற்றதைத் தாழ்வாரத்திலும் வைக்கவேண்டும். செல்லோ வேறு மின்சாரமோ தேவையில்லை. வகுப்பில் உள்ள மாணவன் கூம்பை விரலால் தட்டினால், தாழ்வாரத்தில் செவி வைத்திருப்பவனுக்கு அத்தட்டு கேட்கும். உரக்கப் பேசினால் மெலிந்த குரலில் பேச்சும் கேட்கும். 1876-இல் பெல் தம் தொலைபேசியில் பயன்படுத்திய தத்துவமும் இதுவே. அசையும் சுருள் மின்சாரத்தை உண்டாக்க, அம்மின்சாரம் மறுமுனையில் சுருளை அசைக்கிறது. கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டு, தட்டும்போது மறுமுனைக் கூம்பு எத்திசையில் நகரும் என்று முதலில் மாணவரைச் சொல்லச்செய்து, பிறகு விரல்நுனியை மெல்ல வைத்து உணரச் செய்யலாம்.